நாற்பத்திரண்டு செகண்டு

சாம்பியன் ரீப்ஸ்
1902 ஜனவரி 11, சனிக்கிழமை

சுந்தரராஜ் அண்ணனுக்கு மரியகுழந்தை எழுதறது.

நலம் விசாரிக்க மனசு வரல, அதனால விசாரிக்கல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால உனக்கு ஒரு கடுதாசி போட்டேன், ஞாபகம் இருக்கா? என் வீட்டுக்காரர் பர்னபாஸ் தங்கச் சொரங்க ஷாப்ட்டுல பாறை சரிஞ்சி செத்துட்டாரு, அடக்கத்துக்கு வான்னு. நீ வரல. ரெண்டு வரி பதிலும் போடல. வேற சபைக்காரன், பூமிக்கு அடியில பாறை தொளைக்கிற கூலிக்காரன்னு கல்யாணத்தப்பவே அவரை வேணாம்னவன் நீ. செத்ததுக்கு அப்பாலயாவது உன் கோவம் ஆறியிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு காத்தவராயன் வந்தாரு. கம்பெனி சர்வேயில அளவுச் சங்கிலி இழுக்கிறவரு. அவரு கொழந்தையும் எங்க கல்லறைத் தோட்டத்துலதான் கெடக்குது. கம்பெனி எல்லைக்கல்லு தோட்டத்துக்கு வடக்கால இருந்துது இல்ல, அதைப் புடுங்கி தோட்டத்துக்குத் தெக்கால நடச் சொல்லிட்டாங்களாம். தோட்டம் முழுக்க இப்ப கம்பெனி எடம். மில்லுல தங்கம் எடுத்துட்டு மிஞ்சற சயனைட் மணலை அங்க கொட்டப் போறாங்க. இன்னாம்மா இது, படிச்சிச் சொல்லுங்கன்னு ஒரு காயிதத்தை நீட்டினாரு. கல்லு எங்க நிக்கணும்னு அதுல இருக்குது. பன்னெண்டு டிகிரி, அம்பத்தஞ்சு புள்ளி நாலு ரெண்டு நிமிஷம். எழுபத்தெட்டு டிகிரி, பதினாறு நிமிஷம்.

அந்த எழுபத்தெட்டுல ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு. அப்பிடி ஏழு போடறவன் எனக்குத் தெரிஞ்சி ஒருத்தன்தான். கீழ ஹார்ட்லி துரை ஆபீசு முத்திரை. நீ உக்காந்து கணக்குப் போடற மதராஸ் சர்வே ஆபீசு.

உயிரோட இருந்தப்பதான் அந்த மனுஷனை வீட்டுக்குள்ள விடல. இப்ப மண்ணுக்குள்ளயும் விட மாட்டியா?

மரியகுழந்தை


மதராஸ்
1902 ஜனவரி 16

தங்கை மரியகுழந்தைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவனை நீ, உன் என்று எழுத எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை. நீயே வாத்தியாரம்மா, நீதான் சொல்ல வேண்டும்.

நான் கல் நடுகிறவன் இல்லை. எந்தக் கல்லறை எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கிற இஞ்சினியர், எல்லைக்கற்கள் எல்லாவற்றின் இருப்பிடமும் தமக்குத் தசமப் புள்ளி வைத்து வேண்டும், தம் கணக்குப் புத்தகத்துக்கு அதுதான் தோது என்று நவம்பரில் எழுதிக் கேட்டார். அரசாங்கத் தாளில் டிகிரி, நிமிஷம், செகண்டு என்று இருந்ததை எடுத்துத் தசமமாக மாற்றிக் கொடுத்தேன். மொத்தம் முப்பத்தாறு கற்கள். அதில் ஒன்று உன் புருஷன் தலைமாட்டைத் தாண்டி நிற்கிறது என்றால், பழைய கல்லைத்தான் எவனோ தப்பான இடத்தில் நட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

பதினோரு வருஷமாக இந்த ஆபீசில் கணக்குப் போடுகிறேன். இதுவரை ஒரு துரையும் என் தாளில் சிவப்பு மை வைத்ததில்லை. செத்தவன்மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்ளக் கணக்கைத் திருத்துகிற ஈனன் என்று என்னை நினைத்தாயே, அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கம்பெனியிடம் அனுமதி கேட்டுக் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள். அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சுந்தரராஜ்


சாம்பியன் ரீப்ஸ்
1902 ஜனவரி 19

அண்ணனுக்கு,

மாத்திக்கோன்னு எழுதிட்ட. வீடு மாத்தறப்ப அடுக்குப் பானையைத் தூக்கற மாதிரி தூக்கிக்கினு போகணுமா? பாறை நசுக்கின ஒடம்பு அது. அன்னைக்கே முழுசா வெளிய எடுக்க முடியல. கம்பளியில சுத்தி, மூஞ்சியைக் கூட எனக்குக் காட்டாமதான் பொதைச்சாங்க. அதைத் தோண்டி எடுத்து எந்தக் கூடையில அள்ளிப் போடட்டும், நீயே சொல்லு.

அந்தத் தோட்டத்துல எங்க சபை ஆளுங்க, உங்க சபை ஆளுங்க, சாமி கும்பிடறவங்க எல்லாரும் கலந்துதான் கெடக்கறாங்க. நூத்துக்கும் மேல. அத்தனையும் மாத்திக்கணுமா?

வேணும்னு செய்யலன்னு சொல்ற. சரி, இந்த ஒரு தபா நம்பறேன். அப்ப தப்பா செஞ்சிருக்க. அரசாங்கத் தாளுல இன்னா இருந்துது, அதை நீ இன்னாவா மாத்தின, ரெண்டையும் எழுதி அனுப்பு. பழைய கல்லை எவனோ தப்பா நட்டான்னு அத்தினி சுளுவா சொல்லிட்ட. பதினஞ்சி வருஷமா அந்தக் கல்லைப் பார்த்துதான் மூணு மேனேஜருங்க வேலி போட்டாங்க. கல்லு தெக்கால நவுந்தா கம்பெனிக்குக் கசக்குமா? அவங்க ஏன் கேள்வி கேக்கப் போறாங்க? நான்தான் கேக்கணும்.

மரியகுழந்தை


மதராஸ்
1902 ஜனவரி 24

தங்கைக்கு,

மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லித் தருகிறவள் அட்சரேகைக் கணக்கைச் சரிபார்க்கக் கேட்கிறாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

ஒரு முறை விளக்குகிறேன், மறுமுறை கேட்காதே. அட்சரேகை என்பது ஓர் இடம் பூமத்தியரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற அளவு. தீர்க்கரேகை கிழக்கு மேற்குக்கு. இரண்டையும் டிகிரியில் சொல்வோம். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு அறுபது செகண்டு, கடிகாரத்தில் இருப்பது போலவே. தசமத்தில் அறுபது என்பதே கிடையாது. அங்கே எல்லாம் பத்தும் நூறும்தான். செகண்டை விட்டுவிட்டு, நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மிச்சத்தை எழுதிவிடுவோம். இஞ்சினியர்களுக்கு அதில் கூட்டல் கழித்தல் சுலபம்.

உன் கல்லுக்கு அரசாங்கத் தாளில் இருப்பது: வடக்கே 12 டிகிரி 55 நிமிஷம் 42 செகண்டு. கிழக்கே 78 டிகிரி 16 நிமிஷம், செகண்டு இல்லை. நான் கொடுத்தது: 12 டிகிரி 55.42 நிமிஷம், 78 டிகிரி 16 நிமிஷம். கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்துகொள். இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். அடுத்த மாதம் இங்கே தலைமைக் கணக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது.

உன் மூத்தவன்
சுந்தரராஜ்


சாம்பியன் ரீப்ஸ்
1902 ஜனவரி 27

அண்ணனுக்கு,

கண்ணால பார்த்தேன். நீ பார்த்தியா?

அறுவது செகண்டு ஒரு நிமிஷம்னு நீயே எழுதியிருக்க. அப்ப முப்பது செகண்டு இன்னா? அரை நிமிஷம். அரைன்னா தசமத்துல புள்ளி அஞ்சு. இது வரைக்கும் என் மூணாங்கிளாசு கொழந்தைங்களே சொல்லுதுங்க. நாப்பத்திரண்டு முப்பதைவிடப் பெருசு. அப்ப அது அரைக்கு மேல இல்ல நிக்கணும்? உன் காயிதத்துல புள்ளி நாலு ரெண்டுன்னு அரைக்குக் கீழ எப்பிடி எறங்கிச்சி?

நாப்பத்திரண்டை அறுவதால வகுத்துப் பாரு. புள்ளி ஏழு. அம்பத்தஞ்சு புள்ளி ஏழுன்னு எழுத வேண்டிய எடத்துல, செகண்டை வகுக்காம அப்பிடியே தூக்கிப் புள்ளிக்குப் பின்னால ஒட்ட வெச்சிட்ட. நூறு செகண்டு ஒரு நிமிஷம்னு எந்த ஊரு கடிகாரம் சொல்லுது? கெழக்கு மேற்குக் கணக்குல செகண்டே இல்ல, அதனால அது மட்டும் தப்பிச்சிக்கிச்சி.

இன்னும் கேளு. வித்தியாசம் புள்ளி ரெண்டு எட்டு நிமிஷம். ஏறக்குறைய பதினேழு செகண்டு. இங்க வடக்கு தெக்கா ஒரு செகண்டுக்கு நூறு அடி ஆகுதுன்னு கம்பெனி டிராயிங் ஆபீசுல கேட்டுக்கினேன். அப்ப ஆயிரத்து எழுநூறு அடி. காத்தவராயனை விட்டு பழைய கல்லு இருந்த பள்ளத்துல இருந்து புதுக் கல்லு வரைக்கும் அளக்க வெச்சேன். ஆயிரத்து எழுநூறுக்கு ஆறு அடி கம்மி. உன் தப்பு எத்தினி நீளமோ அத்தினி நீளத்துக்குக் கல்லு நவுந்திருக்குது.

பதினோரு வருஷமா சிவப்பு மையே படலன்னியே, இந்தக் கடுதாசியைச் சிவப்பு மையிலதான் எழுதியிருக்கேன். பள்ளிக்கூடத்து மை. உடனே இஞ்சினியருக்கு எழுது.

மரியகுழந்தை


சாம்பியன் ரீப்ஸ்
1902 பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணனுக்கு,

பதிமூணு நாள் ஆயிட்டுது. தபால்காரர் எங்க லைன் வீட்டுத் தெருவுல நுழையறப்பல்லாம் எழுந்து நின்னு நின்னு காலு நோவுது.

நானே இஞ்சினியர் துரையைப் போய்ப் பார்த்தேன். பங்களா வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சாங்க. கணக்கை ஒரு காயிதத்துல போட்டுக் காட்டினேன். அந்த மனுஷன் ஏசல, தொரத்தல. படிச்சிப் பார்த்துட்டு, அம்மா நீங்க சொல்றது சரியா இருக்கலாம், ஆனா என்கிட்ட இருக்கறது கையெழுத்தும் முத்திரையும் வெச்ச தாளு, அதே ஆபீசு திருத்திக் குடுத்தா அன்னைக்கே கல்லை எடுத்துடறேன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஒத்தை வரி போதும்னாரு.

மணல் டிரக் ஓட தண்டவாளம் போட ஆரம்பிச்சிட்டாங்க. வடக்கு வேலியைத் தாண்டிட்டுது. நீ உயிரோட இருக்கியா இல்லியான்னாவது எழுது.

மரியகுழந்தை


மதராஸ்
1902 பிப்ரவரி 12, விபூதிப் புதன்

தங்கைக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உன் சிவப்புக் கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, பதினைந்து நாளாக அந்த டிராயரைத் திறக்காமல் வேலை பார்க்கிறேன்.

நீ போட்ட கணக்குச் சரி.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். நவம்பர் முழுவதும் வயல் அளந்த புத்தகங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். நில அளவைச் சங்கிலிக்கு நூறு லிங்க், அதாவது நூறு கண்ணி. ஐந்து சங்கிலி நாற்பத்திரண்டு லிங்க் என்றால் 5.42 என்று எழுத வேண்டியதுதான், வகுக்க ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கை அதையே எழுதியது. அந்த வேலைக்கு நடுவில் உங்கள் இஞ்சினியரின் பட்டியல் வந்தது. முப்பத்தைந்து கற்களுக்கு ஒழுங்காக அறுபதால் வகுத்திருக்கிறேன். கடைசிக் கல்லுக்குக் கை லிங்க் எழுதுகிற பழக்கத்தில் எழுதிவிட்டது. இதை வெளியே சொன்னால் சங்கிலி இழுக்கிறவன் கூடச் சிரிப்பான்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். தலைமைக் கணக்கர் யார் என்று ஹார்ட்லி துரை 24ஆம் தேதி திங்கட்கிழமை சொல்லுகிறார். இரண்டு பேரில் ஒருவன் நான். இன்றைக்கு இதை எழுதிக் கொடுத்தால் அந்த நாற்காலி போகும். திங்கள் தாண்டட்டும். அதன்பின் ஒருவருக்கும் தெரியாமல் திருத்தத் தாள் அனுப்பிவிடுகிறேன். பதினைந்து வருஷம் நின்ற கல் பன்னிரண்டு நாள் தள்ளி நின்றால் என்ன குடி முழுகிவிடும்? நீ அங்கே ஏதாவது சொல்லித் தடுத்து வை.

சுந்தரராஜ்


சாம்பியன் ரீப்ஸ்
1902 பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

நெத்தியில சாம்பலைப் பூசிக்கினு வந்து உக்காந்து இந்தக் கடுதாசியை எழுதினியே, கை கூசல?

நான் எதைச் சொல்லித் தடுத்து வெக்கறது? வயித்துவலின்னா? வாட்ச்மேன் நேத்து தண்டோரா போட்டுட்டான். மணல் கொட்டறது 24ஆம் தேதி திங்கக்கிழமை காலையில. உனக்கு நாற்காலி வர அதே திங்கக்கிழமை. வடக்குப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க. என் வீட்டுக்காரர் வடக்கால ரெண்டாவது வரிசை.

தப்பு பண்ணதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நானும் கரும்பலகையில தப்பா எழுதறவதான். கொழந்தைங்க கத்துனா அழிச்சிட்டு எழுதறேன். கோவம் எதுக்குன்னா, தப்புன்னு தெரிஞ்சி பதினஞ்சி நாள் டிராயர்ல பூட்டி வெச்ச பாரு, அதுக்கு. பர்னபாஸைக் கூலிக்காரன்னு சொன்ன. அந்தக் கூலிக்காரன் பாறை அதிருதுன்னு தெரிஞ்சதும் தன்கூட இருந்த நாலு பேரை முதல்ல ஆளுங்களைத் தூக்கற கேஜுல ஏத்தி மேல அனுப்பினாரு. அடுத்த கேஜு எறங்கறதுக்குள்ள சரிஞ்சிட்டுது. அதை அந்தக் கடுதாசியிலயே எழுதியிருந்தேன். நீ படிக்கவே இல்லன்னு இப்ப தெரியுது.

தந்தி குடு. ஒத்தை வரி. இன்னைக்கே.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சங்கிலியை எடுத்தாரச் சொல்லி காத்தவராயனைக் கேட்டிருக்கேன். உன்னை நம்பிக்கினு சொம்மா உக்காந்திருக்க என்னால ஆகாது.

மரியகுழந்தை


மதராஸ்
1902 பிப்ரவரி 27

மரியகுழந்தைக்கு,

நேற்றுக் காலை தந்தி கொடுத்துவிட்டேன். என் பெயரிலேயே, ஒளிவு மறைவு இல்லாமல். தெற்குக் கல் 55.42 தவறு, 55.70 சரி, பிழை என்னுடையது என்று. உங்கள் இஞ்சினியர் மணலை நிறுத்தியாயிற்று என்று பதில் தந்தி கொடுத்துவிட்டார். தந்திக்கு முன்னால் ஹார்ட்லி துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது தெரியும் என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஜனவரி கடைசியில் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. பிழைக்காக இல்லை, ஒளித்ததற்காக உன்னை வேலையை விட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். நீ எழுதியதையே அவரும் சொன்னார்.

திங்கட்கிழமை தலைமைக் கணக்கர் ஆனேன், புதன்கிழமை ஒன்றும் இல்லாதவன் ஆனேன். இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை அங்கே வைத்துத்தான் முதல் முறையாக முழுவதும் படித்தேன். பிறகு இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். நீ சொன்னது உண்மை. முதல் வரிக்கு மேல் அன்றைக்கு நான் படிக்கவில்லை. நாலு பேரைக் கேஜில் ஏற்றியதை இப்போதுதான் படித்தேன்.

உனக்கு இப்போதாவது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேலையை விட்டுத்தான் உன் புருஷன் கல்லறையைக் காப்பாற்றினேன். அனுமதி தந்தால் வந்து பார்க்கிறேன். அவன் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

சுந்தரராஜ்


சாம்பியன் ரீப்ஸ்
1902 மார்ச் 6

அண்ணனுக்கு,

கல்லு பழைய பள்ளத்துக்கே வந்துட்டுது. உன் தந்தி புதன்கிழமை பகல்ல வந்துதாம். இஞ்சினியர் துரை படிச்ச கையோட எழுந்து வந்து டிரக்கை நிறுத்தினாரு.

ஆனா நீ எதையும் காப்பாத்தல. திங்க, செவ்வா, புதன் காலை. நீ நாற்காலியில உக்காந்திருந்த நேரம் முழுக்க இங்க மணல் கொட்டிக்கினே இருந்துது. வடக்கால மூணு வரிசை போயிட்டுது. முப்பத்தோரு பேரு. காத்தவராயன் கொழந்தை அதுல ஒண்ணு. என் வீட்டுக்காரர் சிலுவையும் தெரியல, தலைமாட்டுக்கல்லும் தெரியல, ரெண்டாள் உசரத்துக்குச் சாம்பல் நெற மணல்தான். திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ஓடி தண்டவாளத்துமேல நின்னேன். ரெண்டு வாட்ச்மேனுங்க வந்து கையைப் புடிச்சி ஓரமா நிக்க வெச்சாங்க. அப்பிடியே நின்னு பார்த்தேன். விஷ மணல், இனிமே கெளறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால உன் மெழுகுவர்த்தியை எங்க ஏத்தறதுன்னு எனக்குத் தெரியல.

உன் வேலை போனதுக்கு நான் சந்தோஷப்படல. வருத்தமும் படல. வருத்தப்படற எடமெல்லாம் ரொம்பிக் கெடக்குது.

போன மாசம் பதினாறாந்தேதி நானும் காத்தவராயனும் சங்கிலி போட்டு அளந்தோம். பழைய கல்லு பள்ளத்துல இருந்து என் வீட்டுக்காரர் சிலுவை வரைக்கும். தெக்கால ஏழு சங்கிலி அறுவது லிங்க், கெழக்கால ஒரு சங்கிலி அம்பது லிங்க். சங்கிலிக்கு அறுவத்தாறு அடின்னு அதை அடியாக்கி, செகண்டாக்கி, மூணு தபா சரிபார்த்தேன். வடக்கே 12 டிகிரி 55 நிமிஷம் 37 செகண்டு. கெழக்கே 78 டிகிரி 16 நிமிஷம் 1 செகண்டு. உனக்குப் புள்ளி வெச்சி வேணும்னா 55.62, 16.02. புள்ளி மூணு ஏழுன்னோ புள்ளி பூஜ்யம் ஒண்ணுன்னோ எழுதிடாத. அவரு இருக்கற எடம்னு இப்ப உலகத்துல மிஞ்சியிருக்கறது இது மட்டும்தான்.

மேட்டுமேல சங்கிலி போட்டா சரிவுல தப்பு காட்டுது, காத்தவராயனால ஆகல. நீ வந்தா அளக்கற கருவி இரவல் தரேன்னு இஞ்சினியர் துரை சொல்லியிருக்காரு. பெரிய வெள்ளிக்கு முன்னால ரயிலேறு. நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு வராத, மன்னிக்கல. வேலைக்கு வர ஆளாட்டம் வா. மணல்மேல ஏறி நின்னு, அளந்து, ஒரு கல்லை நடு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால நீ வந்திருந்தா, உன் கையைப் புடிச்சி இட்டுக்கினு போய் இங்கதான் இருக்காருன்னு நான் உனக்குக் காட்டியிருப்பேன். இப்ப நீதான் எனக்குக் காட்டணும்.

மரியகுழந்தை